லைட்டைப் போட்டால் பாட்டு நிற்கும் கார்: ஒரு ஒயரிங் கப்ளர் ரிவ்யூ

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், அதில் யாரோ மாட்டிவிட்டுப் போன ஸ்டீரியோ மக்கர் பண்ணுகிறது என்றால், புது செட்டுக்குக் காசைக் கொட்டுவதற்கு முன் இந்தக் கப்ளரை வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். மீதி ஒன்றைப் பிடித்துக்கொண்டது கப்ளரோடு வந்த அரைப்பக்கத் தாளுக்காக. அதைப் பிறகு திட்டுகிறேன்.

கப்ளர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: டேஷ்போர்டுக்குள் கார் கம்பெனி விட்டிருக்கும் சாக்கெட் ஒரு வடிவம், வெளியில் வாங்கும் செட்டின் முதுகில் இருக்கும் சாக்கெட் வேறு வடிவம். இரண்டையும் ஒயரை வெட்டாமல் இணைக்கும் துண்டுதான் இது. என் பாக்கெட்டில் இரண்டு துண்டு வந்தது. ஒன்றின் ஒரு முனை காரின் சாக்கெட்டில் பொருந்தும். மறுமுனையில் பொதுவான தர அளவில் வரும் ஐஎஸ்ஓ பிளக் இரண்டு, கறுப்பு கரண்டுக்கு, பழுப்பு ஸ்பீக்கருக்கு. இன்னொரு துண்டின் ஒரு முனை அந்த ஐஎஸ்ஓ பிளக்குகளை வாங்கிக்கொள்ளும். மறுமுனை செட்டின் 16 பின் சாக்கெட்டில் போய் உட்காரும். வெட்டல், முறுக்கல், டேப் எதுவும் வேண்டாம். பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டுக் காரைப் பழையபடி விட்டுவிடலாம்.

காரை விற்றவர் நல்ல மனிதர். "செட்டு மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணும் சார், மத்தபடி வண்டி சுத்தம்" என்று சொல்லித்தான் கொடுத்தார். வண்டி சுத்தம்தான். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லுக்குள் அவர் நிறைய அடக்கியிருந்தார். ஹெட்லைட் சுவிட்சை ஒரு படி திருப்பி பார்க்கிங் லைட்டைப் போட்டாலே செட் அணைந்துவிடும். லைட்டை அணைத்தால் மறுபடி உயிர் வரும். வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றினால் திரை கறுத்து, கம்பெனி லோகோ வந்து, முதலிலிருந்து தொடங்கும். எஃப்எம் என்று ஒன்று இருப்பதாகவே அதற்குத் தெரியாது, எந்த அலைவரிசையிலும் வெறும் இரைச்சல். பாட்டு கேட்கும், ஆனால் பேஸ் இல்லாமல் சொத்தையாகக் கேட்கும். இதெல்லாம் போதாது என்று, வண்டியை நான்கைந்து நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி படுத்துவிடும்.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே பதில்: "செட்டு போயிடுச்சு, புதுசு மாத்திடுங்க." கூடவே பேட்டரியையும் மாற்றச் சொன்னார்கள். நான் மாற்றாததற்குக் காரணம், லைட் சுவிட்ச். கெட்டுப்போன செட்டுக்கு ஹெட்லைட்டோடு என்ன சம்பந்தம்? பகலில் பாடி இரவில் வாய் மூடும் கோளாறு செட்டுக்குள் இருக்க வாய்ப்பில்லை. அது ஒயரிங்கில்தான் இருக்கும்.

பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு செட்டை வெளியே இழுத்தேன். பின்னால் இருந்தது ஒயரிங் இல்லை, ஒரு கொடுமை. செட்டோடு வந்த பிளக்கை யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள். ஒயர்களின் நுனியைப் பல்லால் கடித்து உரித்தது போலிருந்தது. செம்பு இழைகளை முறுக்கி, காரின் சாக்கெட் ஓட்டைகளில் நேரடியாகச் செருகி, கழன்று வராமலிருக்கத் தீக்குச்சியை ஒடித்துச் சொருகியிருந்தார்கள். சுவரில் பிளக் இல்லாத ஒயருக்குச் செய்யும் அதே வேலை, காருக்குள். சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப் வெயிலில் உருகிக் கையெல்லாம் பிசின். ஆனால் ஒரு நல்லது: கார் பக்கத்துச் சாக்கெட்டை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அது பிழைத்ததால்தான் இந்தக் கப்ளருக்கே வேலை வந்தது.

வேறு மூன்று விஷயங்களும் கண்ணில் பட்டன. செட்டின் முதுகில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்த இடத்தில் சிவப்பு ஃபியூஸ் இருக்க வேண்டும், பச்சை இருந்தது. பச்சை என்றால் 30 ஆம்பியர். ஆன்டெனா பிளக் செட்டில் மாட்டப்படவே இல்லை. அதன் உலோக முனையில் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். அப்புறம், ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் எல்லா ஃபியூஸும் தூசி படிந்து பழுத்துப்போயிருக்க, டெயில் லைட் ஃபியூஸ் மட்டும் புத்தம் புதிதாக மின்னியது.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேட்டரியை மறுபடி மாட்டி, மல்டிமீட்டரை எடுத்தேன். வெளியில் வாங்கும் செட்டுகளின் ஒயர் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், நேரம், ஸ்டேஷன் எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் கொடுக்கவும். சிவப்பு சாவி வழியாக வரும் 12 வோல்ட், செட்டை எழுப்பவும் தூங்கவைக்கவும். கறுப்பு எர்த், அதாவது பேட்டரி மைனஸோடு சேர்ந்திருக்கும் காரின் உலோக பாடி. ஆரஞ்சு, லைட் போட்டால் திரையை மங்கலாக்க. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என்று நான்கு ஜோடி ஸ்பீக்கர்களுக்கு, ஜோடியில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். இது செட் பக்கத்துக் கதை மட்டும். கார் பக்கத்து நிறங்கள் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. அங்கே மஞ்சள் என்றால் மஞ்சள் என்று நம்பிவிடக் கூடாது.

செட்டின் கறுப்பு ஒயர் போய்ச் சொருகியிருந்த ஓட்டையில் மீட்டரின் சிவப்பு முனையை வைத்து, கறுப்பு முனையை டேஷ்போர்டுக்கு அடியில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்தேன். பஸ்ஸர் அடித்தது, அதாவது இரண்டுக்கும் நடுவில் இணைப்பு இருக்கிறது. எர்த் சரி என்று அடுத்த ஒயருக்குப் போய்விடும் இடம் இதுதான். அந்த செட்டை மாட்டியவரும் இங்கேதான் போயிருப்பார். நான் சும்மா பார்க்கிங் லைட்டைப் போட்டு, மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். அதே ஓட்டையில் 12 வோல்ட்.

எர்த் என்று அவர் நினைத்தது எர்த் இல்லை, டேஷ்போர்டு விளக்குகளுக்குப் போகும் லைன். லைட் சுவிட்ச் அணைந்திருக்கும்போது அந்த லைன் பார்க்கிங் பல்ப், நம்பர் பிளேட் பல்ப், மீட்டர் பல்ப் எல்லாவற்றின் இழைகள் வழியாகவும் பாடியோடு தொட்டுக்கொண்டிருக்கும். 5 வாட் பல்ப் ஒன்று எரியும்போது சுமார் 29 ஓம் காட்டும். குளிர்ந்து கிடக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கு. ஏழெட்டு பல்ப் பக்கவாட்டில் சேர்ந்தால் மொத்தம் ஒரு ஓம்கூட வராது. மீட்டரின் பஸ்ஸருக்கு அதெல்லாம் எர்த்தாகத்தான் கேட்கும். பெரும்பாலான மீட்டர்களில் சில பத்து ஓம் வரை பஸ்ஸர் அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

இந்த ஒரு ஒயரைப் பிடித்ததும் எல்லாம் வரிசையாக அவிழ்ந்துவிட்டது. லைட்டைப் போட்டால் அந்த லைனுக்கு 12 வோல்ட் வருகிறது. செட்டின் மஞ்சளிலும் 12, கறுப்பிலும் 12, நடுவில் வித்தியாசமே இல்லாதபோது எதுவும் ஓடாது, செட் அணைகிறது. வால்யூமை ஏற்றினால் கூடுதல் கரண்ட் பல்ப் இழைகள் வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். இழை சூடேறச் சூடேற அதன் தடை கூடும், செட்டுக்குக் கிடைக்கும் வோல்ட் குறையும், ஒரு கட்டத்தில் செட் தாங்காமல் திரும்பத் தொடங்கும். இரவில் பாட்டு ஓடும்போது டெயில் லைட் லேசாகச் சிவந்து தாளத்துக்குத் துடிக்கிறது என்று மனைவி ஒருமுறை சொன்னாள். அப்போது நம்பவில்லை, இப்போது கணக்கே சொல்கிறது.

சரி, ஆன்டெனாவை ஏன் டேப் சுற்றி ஒதுக்கினார்? ஆன்டெனா கேபிளின் வெளிப் பின்னல் காரின் பாடியோடு இணைந்தது. அதைச் செட்டில் மாட்டியதும் செட்டின் உடம்பு நிஜமான எர்த்துக்கு வந்துவிடும், உள்ளே கறுப்பு ஒயரும் அதோடுதான் சேர்ந்திருக்கிறது. அந்த நிலையில் லைட்டைப் போட்டால் 12 வோல்ட் நேராக கறுப்பு ஒயர், செட்டின் உடம்பு, ஆன்டெனா பின்னல் என்று ஓடிப் பாடியில் முட்டும். டெயில் லைட் ஃபியூஸ் போய்விடும். அவருக்கும் போயிருக்கிறது, புது ஃபியூஸ் போட்டிருக்கிறார், எது தொட்டால் போகிறது என்று தேடியிருக்கிறார், ஆன்டெனாவைக் கழற்றினால் போகவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார். அதோடு வேலை முடிந்தது. எஃப்எம் யார் கேட்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

இதில் எனக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகம். ஆள் தேடியிருக்கிறார், பாதி வழி சரியாகவே போயிருக்கிறார். சாவியையும் லைட்டையும் அணைத்துவிட்டு மட்டும் சோதித்ததுதான் வினை.

பேட்டரி படுத்த கதையும் அதே பழக்கத்தில் பிறந்ததுதான். சாவி அணைந்திருக்கும்போது அந்த சாக்கெட்டில் 12 வோல்ட் வரும் ஓட்டை ஒன்றுதான். சாவியை ஒரு படி திருப்பினால்தான் இரண்டாவது உயிர் பெறும். அவர் திருப்பவில்லை. ஒரே ஓட்டைதானே இருக்கிறது என்று மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி அதில் செருகிவிட்டார். செட்டைப் பொறுத்தவரை சாவி எப்போதும் போட்டபடியே இருக்கிறது. பட்டனை அழுத்தித் திரையை அணைக்கலாம், ஆனால் உள்ளே அது விழித்துக்கொண்டுதான் இருக்கும். பேட்டரி மைனஸில் மீட்டரைத் தொடராக மாட்டி, 10 ஆம்பியர் துளையில் முனையைப் போட்டு, கதவையெல்லாம் சாத்தி, வண்டியின் மற்ற எலெக்ட்ரானிக்ஸ் தூங்கும்வரை அரைமணி காத்திருந்து பார்த்தேன்: 0.3 ஆம்பியருக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணி (பேட்டரியில் Ah என்று போட்டிருப்பது) போகிறது என்று வையுங்கள். 45 ஆம்பியர்-மணி பேட்டரி, அதுவும் கொஞ்சம் வயதானது, நான்காம் நாள் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றும் நிலையில் இருக்காது. புது பேட்டரி வாங்கியிருந்தால் அதுவும் ஒரு வாரத்தில் படுத்திருக்கும்.

இதற்குள் ஒயர்களை அந்தந்த ஓட்டைக்கு மாற்றிச் செருகியே பிரச்சினையைத் தீர்த்திருக்கலாமே என்று கேட்கலாம். தீர்த்திருக்கலாம், தீக்குச்சியோடு. குண்டும் குழியுமான சாலையில் ஒரு நாள் மஞ்சள் இழை நழுவிப் பக்கத்து ஸ்பீக்கர் ஒயரைத் தொடும், அங்கே காவலுக்கு இருப்பதோ 30 ஆம்பியர் ஃபியூஸ். அதனால்தான் கப்ளர்.

இனி பொருளைப் பற்றி. பிளாஸ்டிக் கெட்டியாக இருக்கிறது. கார் சாக்கெட்டில் தள்ளியதும் பூட்டு 'டக்' என்று விழுந்தது, அசைத்தால் ஆடவில்லை. கரண்ட் ஒயர்கள் ஸ்பீக்கர் ஒயர்களைவிடத் தெளிவாகத் தடிமன். மலிவுச் சரக்கில் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிக் கொடுப்பார்கள் என்பதால், ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன், உள்ளேயும் செம்புதான். இந்த இடத்தில் செட் டப்பாக்களில் போடும் '50 வாட் x 4' என்பதைப் பார்த்து யாரும் ஒயர் தடிமனுக்குக் கவலைப்பட வேண்டாம். 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு இப்படிப்பட்ட செட் தொடர்ந்து கொடுக்கக்கூடியது 20 வாட் அளவுதான். டப்பாவில் இருப்பது ஒரு நொடிக்கும் குறைவான உச்சத்தின் கணக்கு.

குறை என்று சொன்னால், பழுப்பு ஸ்பீக்கர் பிளக்கில் ஒரு பின் சரியாக உட்கார்ந்திருக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு ஒயரையும் விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். சாம்பல் ஒயர் அப்படியே பின்னோடு கையில் வந்தது. பின்னின் பக்கத்தில் இருக்கும் சின்ன நாக்கு உள்ளே மடங்கியிருந்தது. குண்டூசி முனையால் அதை வெளியே நெம்பி, மறுபடி தள்ளியதும் பூட்டிக்கொண்டது. ஒரு நிமிட வேலை. ஆனால் பார்க்காமல் மாட்டியிருந்தால் வலது முன் ஸ்பீக்கர் பாடியிருக்காது, நானும் கதவுப் பேனலைக் கழற்றித் தேடிக்கொண்டிருப்பேன். வாங்குபவர்கள் எல்லா ஒயரையும் இழுத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்தத் தாள். கரண்ட் பிளக்குக்குப் போகும் மஞ்சளிலும் சிவப்பிலும் நடுவே உருளை மாதிரி ஒரு கனெக்டர் இருக்கிறது, கழற்றி மாட்டக்கூடியது. அதாவது மஞ்சளைச் சிவப்போடும் சிவப்பை மஞ்சளோடும் குறுக்காக மாட்டிக்கொள்ளலாம். இது எதற்கு என்று தாளில் ஒரு வரி இல்லை. 'பொருத்தி மகிழுங்கள்' என்ற பாணியில் படம் மட்டும் போட்டிருக்கிறார்கள்.

எதற்கு என்றால், ஐஎஸ்ஓ முறைப்படி கறுப்பு பிளக்கில் நான்காவது பின் நிரந்தர 12 வோல்ட், ஏழாவது சாவி வழி 12 வோல்ட், எட்டாவது எர்த். ஆனால் எல்லாக் கார்களும் இந்த ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை. ஃபோக்ஸ்வேகன், ஆடி பழைய மாடல்கள் சிலவற்றில் நான்கும் ஏழும் இடம் மாறியிருக்கும். என் காரிலும் மாறித்தான் இருந்தது. கப்ளரைக் கார் சாக்கெட்டில் மட்டும் மாட்டி, செட்டை இணைக்காமல் மறுமுனையில் அளந்தேன். சாவி அணைந்திருக்கும்போது சிவப்பில் 12.5 வோல்ட், மஞ்சளில் ஒன்றுமில்லை. அந்த உருளைகளைக் கழற்றிக் குறுக்காக மாட்டினேன், முடிந்தது.

அளக்காமல் மாட்டியிருந்தால் செட் வெடித்துவிடாது. பாடும். ஆனால் ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் நேரம், ஸ்டேஷன், ஈக்வலைசர் எல்லாவற்றையும் மறந்துவிடும். முழுக் கரண்டும் சாவி லைன் வழியாக ஓடும், அந்த லைன் அதற்காகப் போட்டதில்லை. 'புது செட்டு ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது' என்று புலம்புகிறவர்களில் பலருக்குக் கோளாறு இந்த இரண்டு உருளையில்தான் இருக்கும். அதைச் சொல்ல தாளில் இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரிக்குத்தான் ஒரு நட்சத்திரம்.

எர்த்தை மட்டும் மீட்டர் பஸ்ஸரை நம்பி விடவில்லை. 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றில் இரண்டு ஒயர் வைத்து, ஒரு முனையைக் கப்ளரின் மஞ்சளிலும் இன்னொன்றைக் கறுப்பிலும் பிடித்தேன். பளிச்சென்று எரிந்தது. லைட்டைப் போட்டேன், மங்கவில்லை. இந்தச் சோதனையில் பொய் எர்த் தப்ப முடியாது. ஆனால் இதை ஸ்டீரியோ சாக்கெட்டைத் தவிர வேறு எங்கும் செய்து பார்க்காதீர்கள், அதிலும் மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர்கள் பக்கமே போகாதீர்கள்.

பேஸ் இல்லாத பிரச்சினைக்குக் கப்ளர் மருந்து இல்லை, ஆனால் நோயைக் கண்டுபிடிக்க உதவியது. பேலன்ஸை நடுவில் வைத்தால் பேஸ் சொத்தை, முழுக்க ஒரு பக்கம் தள்ளினால் பேஸ் வருகிறது என்றால் ஏதோ ஒரு ஸ்பீக்கரின் பிளஸும் மைனஸும் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால் கீழ்ஸ்தாயி ஒன்றையொன்று தின்றுவிடும். முன்பென்றால் நான்கு கதவையும் திறக்க வேண்டும். இப்போது செட்டைக் கழற்றிவிட்டு, பழுப்பு பிளக்கின் ஒவ்வொரு ஜோடியிலும் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுத்தேன். பிளஸில் பிளஸ் தொட்டால் கூம்பு வெளியே துள்ள வேண்டும். ஸ்பீக்கர் கிரில் வழியாக டார்ச் அடித்தால் நன்றாகத் தெரியும். மூன்று வெளியே துள்ளின. இடது பின் ஸ்பீக்கர் உள்ளே போனது. அந்தக் கதவை மட்டும் திறந்தேன். ஸ்பீக்கரின் இரண்டு தகடுகளில் அகலமானது பிளஸ், குறுகியது மைனஸ். யாரோ மாற்றி மாட்டியிருந்தார்கள்.

இந்த இடத்தில் பழைய ஆளுக்கு ஒரு நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஸ்பீக்கர் மைனஸ்களை எல்லாம் சேர்த்துக் கட்டிப் பாடியில் கொடுக்காமல் விட்டார். இக்காலத்துச் செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயருமே ஆம்ப்ளிஃபையரின் வெளியீடுதான். செட் ஓடும்போது இரண்டிலுமே பாதி பேட்டரி வோல்ட், அதாவது 6, 7 வோல்ட் நிற்கும். மைனஸ் என்று பெயர்தான், எர்த் இல்லை. அதைப் பாடியில் தொட்டால் நல்ல செட் 'புரொடெக்ட்' காட்டி நின்றுகொள்ளும், மற்றது ஐசியைப் பறிகொடுக்கும்.

எல்லாம் மாட்டி, 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் போட்டு, ஆன்டெனாவின் டேப்பைப் பிரித்துச் செருகி, சாவியைத் திருப்பினேன். எஃப்எம் வந்தது. லைட்டைப் போட்டால் பாட்டு நிற்கவில்லை. அதற்குப் பதில் திரை மங்கியது. ஆரஞ்சு ஒயர் முதல்முறையாகத் தன் வேலையைச் செய்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடவே ஏறும் ஒரு ஊளைச் சத்தம் இருந்தது, அதுவும் போய்விட்டது. எர்த் ஒழுங்கில்லாததால் வந்ததுதான் போலிருக்கிறது. பேட்டரி மைனஸில் மறுபடி அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்கும் கீழே. எல்லாரும் குப்பையில் போடச் சொன்ன செட்தான் இது.

சின்ன எரிச்சல்கள் உண்டு. இரண்டு துண்டும் சேர்ந்தால் நீளம் அதிகம். செட்டுக்குப் பின்னால் உள்ள இடம் ஒரு கைப்பிடி அளவுதான், அதில் இவ்வளவு ஒயரையும் மடித்துத் தள்ளுவதற்குள் விரல் நகம் போய்விடுகிறது. செட்டுக்கு நேர்ப்பின்னால் திணிக்காமல், கீழே குளவ் பாக்ஸ் பக்கமாக இறக்கி, டை போட்டுக் கட்டுங்கள். இல்லாவிட்டால் கரடுமுரடான சாலையில் கடகடவென்று பிளாஸ்டிக்கில் தட்டிக்கொண்டே இருக்கும். நீல ஒயர் ஒன்றுதான், அதையே பவர் ஆன்டெனாவுக்கும் வெளி ஆம்ப்ளிஃபையருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டும் இல்லாததால் முனையை மூடிக் கட்டிவிட்டேன். ஸ்டீயரிங் பட்டன்களுக்கு இதில் வழி இல்லை. அது வேண்டுமென்றால் தனியாக இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டும்.

யாருக்கு இது ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். கார் பக்கத்துச் சாக்கெட்டையே யாராவது வெட்டி எடுத்திருந்தால் இதை வாங்கிப் பயனில்லை. முதலில் அந்தச் சாக்கெட்டைத் தனியாக வாங்கி, ஒவ்வொரு ஒயராக அளந்து, பற்றவைத்து உறை போட வேண்டும். கம்பெனியிலேயே தனி ஆம்ப்ளிஃபையர் வைத்த கார்களுக்கும் இது போதாது. அப்புறம், புதிய கார்கள் பலவற்றில் சாவி வழி 12 வோல்ட் ஒயர் சாக்கெட்டில் இருக்கவே இருக்காது. சாவி திரும்பிய செய்தியை கார் டேட்டா லைனில்தான் சொல்லும். அங்கே அந்தச் செய்தியைப் படித்துச் சொல்லும் கேன் பஸ் பெட்டியோடு வரும் கப்ளர் வேண்டும். இதை வாங்கி மாட்டினால் செட் எழவே எழாது, அந்த நேரத்தில்தான் யாராவது சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கலாம் என்று யோசனை சொல்வார்கள்.

ஆர்டர் போடும்போது கார் பெயரை மட்டும் பார்த்துப் போடாதீர்கள். ஒரே மாடலில் நடுவில் முகம் மாற்றும்போது சாக்கெட்டையும் மாற்றிவிடுவார்கள். செட்டை வெளியே இழுத்து, கார் பக்கத்துச் சாக்கெட்டை நேராகப் படம் எடுத்து, விற்பனைப் பக்கத்தில் உள்ள படத்தோடு ஓட்டைகளின் வரிசையை எண்ணி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். படம் போடாத பக்கத்தில் வாங்காதீர்கள்.